‘வீடு பொதுவாக நல்ல நிலையில் உள்ளது’ என்றால் என்ன அர்த்தம்?

கேள்வி: நானும் கணவரும் ஸ்காபரோவில் இருக்கிறோம். ஓய்வுக்குப் பிறகு ஊரோடு இருக்க விருப்பம். யாழ்ப்பாணத்தில் கொக்குவிலில் இரண்டு பரப்புக் காணியோடு ஒரு வீடு பார்த்திருக்கிறோம். முன்பக்கம் பழைய ஓட்டு வீடு. பின்பக்கக் குசினியும் குளியலறையும் எண்பதுகளில் சேர்த்துக் கட்டியவை, கொங்கிறீட் தட்டுப் போட்டவை. எங்கள் பெறாமகன் ஒருவரைப் பிடித்து, ஆவணி மாதம் வீட்டைப் பார்க்க வைத்து அறிக்கை எடுத்து அனுப்பினார். இரண்டு பக்கமும் 14 படங்களும். ‘வீடு பொதுவாக நல்ல நிலையில் உள்ளது. ஆங்காங்கே சிறு வெடிப்புகளும் ஓதமும் காணப்படுகின்றன. திருத்திப் பூசி வர்ணம் அடித்தால் போதுமானது’ என்று முடித்திருக்கிறார்கள். அடுத்த மாதம் முற்பணம் கொடுக்க வேண்டும். இதை நம்பலாமா? நல்ல அறிக்கை எப்படி இருக்கும்? படங்களையும் இணைத்திருக்கிறேன்.
— வாசகி, கனடா

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அவசரமான ஒன்று. 12ஆம் படத்தில் குசினித் தட்டின் அடிப்பக்கம் தெரிகிறது. ஏறக்குறைய இரண்டு அடி நீளத்துக்குக் கொங்கிறீட் உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே நிற்கிறது. 9ஆம் படம் அதே தட்டின் மேற்பக்கம் என்றே தோன்றுகிறது. அங்கே ஒரு கறுப்புத் தண்ணீர்த் தாங்கி நிற்கிறது. 1000 லீற்றர்த் தாங்கி நிரம்பினால் தண்ணீர் மட்டும் ஒரு தொன். பெறாமகனிடம் சொல்லி, வீட்டுக்காரரோடு பேசி, இன்றைக்கே அந்தத் தாங்கியை வெறுமையாக்கச் சொல்லுங்கள். தட்டை ஒருவர் சோதிக்கும் வரை அதற்குக் கீழே யாரும் சமைக்கவும் வேண்டாம், படுக்கவும் வேண்டாம்.

இந்த இரண்டு படங்களைப் பற்றி அறிக்கையில் ஒரு வரியும் இல்லை. கமராவில் விழுந்த விடயம் எழுத்தில் வரவில்லை. ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: இந்த அறிக்கையை நம்பி முற்பணம் கொடுக்க வேண்டாம். வீடு கூடாத வீடு என்று நான் சொல்லவில்லை. நல்லதா கூடாததா என்று தீர்மானிக்க இந்த இரண்டு பக்கமும் உதவாது.

வீட்டை ஒருநாளும் பார்க்காத ஒருவர் அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு போய், அதில் எழுதிய ஒவ்வொரு குறையின் மேலும் விரல் வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நீங்கள் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருந்து வாங்குகிறீர்கள். உங்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். ‘ஆங்காங்கே’ என்ற சொல் வந்தால், எழுதியவர் இடத்தைக் குறித்துக்கொள்ளவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ‘திருத்திப் பூசினால் போதும்’ என்று இருந்தால் காரணத்தைத் தேடவில்லை.

ஒரு வெடிப்பை எப்படி எழுத வேண்டும் என்று ஒரு மாதிரி தருகிறேன். இது உங்கள் வீட்டு வெடிப்பு அல்ல. எழுதும் முறையைக் காட்டத்தான்.

“வடகிழக்கு அறை, கிழக்குச் சுவர். யன்னலின் தென்பக்க மேல் மூலையிலிருந்து கூரை நோக்கிச் சாய்வாக 3 அடி நீள வெடிப்பு. அகலம் மேல் முனையில் 4 மி.மீ, கீழ் முனையில் 1 மி.மீ. சுவரின் வெளிப்பக்கத்திலும் அதே இடத்தில் தெரிகிறது. முன்னர் ஒருமுறை பூசியிருக்கிறார்கள். பூச்சு திரும்ப வெடித்திருக்கிறது. படம் 5 (தூரத்தில்), படம் 6 (அடிமட்டத்தோடு, கிட்ட). தென்பக்க அத்திவாரம் இறங்கியிருக்கக் கூடும். செய்ய வேண்டியது: அந்த மூலையில் 3 அடி நீளத்துக்கு அத்திவாரம் வரை கிண்டிப் பார்க்க வேண்டும், கட்டமைப்புப் பொறியியலாளர் பார்க்க வேண்டும், முற்பணத்துக்கு முன்.”

இதில் எந்த வரியையும் எடுத்துவிட முடியாது. வெளிப்பக்கத்திலும் தெரிகிறது என்றால் பூச்சு மட்டும் வெடிக்கவில்லை, சுவரே வெடித்திருக்கிறது. ஒரு முனை அகலமாகவும் மறுமுனை ஒடுங்கியும் இருந்தால் சுவரின் ஒரு பகுதி சாய்கிறது அல்லது இறங்குகிறது. பூசிய இடம் திரும்ப வெடித்தால் அசைவு இன்னும் நிற்கவில்லை. மேசன்மார் அடி, அங்குலத்தில் பேசினாலும் வெடிப்பின் அகலத்தை மி.மீற்றரில்தான் எழுத வேண்டும். பிரித்தானியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தின் 251ஆம் இலக்கக் கையேடு 1 மி.மீ வரையான வெடிப்பை மிகச் சிறியது என்றும், 5 மி.மீ வரை சிறியது என்றும், 5 முதல் 15 வரை நடுத்தரம் என்றும், அதற்கு மேல் கடுமையானது என்றும் பிரிக்கிறது. அகலம் மட்டும் போதாது, வெடிப்பு வளர்கிறதா என்பதும் தெரிய வேண்டும். வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி போட்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு சிறு ஆணி அடித்து, ஆணிகளுக்கு இடையிலான தூரத்தை மாதம் ஒருமுறை அளந்தால் தெரிந்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் அத்திவாரம் இறங்குவதற்கு இங்குள்ள காரணங்கள் சில உண்டு. குடாநாட்டின் பெரும்பகுதியில் சுண்ணக்கல் பாறை ஆழத்தில் இல்லை. அதன் மேல் நின்ற சுவர் இலகுவில் அசையாது. ஆனால் வீட்டின் ஒரு பாதி பாறையிலும் மறுபாதி நிரவிய குழியிலும் நின்றால், நிரவிய பக்கம் இறங்கும். என்ன குழி? தூர்த்த பழைய கிணறு, கைவிட்ட மலசலகூடக் குழி, சண்டைக் காலத்தில் வளவுக்குள் வெட்டிப் பின்னர் மண் போட்டு மூடிய பங்கர். இப்படியான குழிக்கு மேல் பிறகு அறை இழுத்துக் கட்டியவர்கள் உண்டு. இதை எந்தக் கருவியும் இலகுவில் சொல்லாது. வீட்டுக்காரரையும் பக்கத்து வீட்டு வயதானவர்களையும் கேட்டு, ‘கேட்டோம், இன்ன பதில் கிடைத்தது’ என்று அறிக்கையில் எழுத வேண்டும். உங்கள் வீட்டில் பழைய பகுதியும் எண்பதுகளின் பகுதியும் சேரும் இடத்தில் ஒரு நேர்க்குத்தான வெடிப்பு இருந்தால் உடனே பயப்பட வேண்டாம். வெவ்வேறு காலத்து இரண்டு அத்திவாரங்கள் தனித்தனியே அசைவது வழக்கம். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக, 1 அல்லது 2 மி.மீற்றரோடு நின்றுவிட்டதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஓட்டுக் கூரையை உள்ளிருந்து பார்த்தார்களா? உங்கள் அறிக்கையில் அதற்கு அடையாளம் இல்லை. நல்ல வெயிலில் கதவு யன்னலைச் சாத்தி, மின்விளக்கை அணைத்து, நிமிர்ந்து பார்த்தால் ஓடு விலகிய இடமெல்லாம் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். புள்ளிகளை எண்ணி, எந்த அறையில், எந்தச் சரிவில் என்று எழுதலாம். அடுத்தது மரம். பழைய வீடு என்பதால் கைமரமும் சிலாகையும் பனையாக இருக்கும் என்று எண்ணுகிறேன். பனைக்கு வைரம் வெளியே, மெத்தென்ற சோற்றுப்பகுதி உள்ளே. கறையான் உள்ளிருந்து தின்றுவிட்டு வெளித்தோலை விட்டுவைக்கும். பார்வைக்குக் கறுத்து, உறுதியாக நிற்கும் கைமரம் உள்ளே கோதாக இருக்கலாம். ஆகவே தட்டிச் சத்தம் கேட்க வேண்டும், ஸ்குறூ ட்ரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். குத்த வேண்டிய இடம் நடுப்பகுதி அல்ல. சுவரில் ஏறியிருக்கும் முனை. ஓதம் சேர்வதும் கறையான் ஏறுவதும் அங்கேதான். இரண்டு கூரைச் சரிவுகள் உள்மூலையில் சந்திக்கும் பீலியையும் தனியாகப் பார்க்க வேண்டும். நாற்சார் வீடானால் முற்றத்தைச் சுற்றி அப்படி நான்கு மூலை. பீலித் தகடு ஓட்டையானால் கீழே உள்ள மரம்தான் முதலில் உக்கும்.

இந்த இடத்தில் என் திடமான அபிப்பிராயம் ஒன்று. அறிக்கை விலையை எழுதாவிட்டாலும் பரவாயில்லை, எண்ணிக்கையை எழுத வேண்டும். ‘கூரை திருத்த இத்தனை இலட்சம்’ என்று எழுதினால் மூன்று மாதத்தில் அது பழைய கதை. ‘முன்பக்கச் சரிவில் 22 கைமரம், 4 மாற்ற வேண்டும், சிலாகை ஏறக்குறைய 120 அடி, உடைந்த ஓடு 35, முகட்டு ஓடு முழுதும் திரும்பச் சாந்து வைக்க வேண்டும்’ என்று எழுதினால், அதை இரண்டு தச்சரிடம் காட்டி இரண்டு விலை கேட்கலாம். விற்பவரோடு பேரம் பேசவும் அதுதான் பிடிமானம்.

கொங்கிறீட் தட்டுக்குத் திரும்ப வருகிறேன். இதுதான் உங்கள் வீட்டில் பெரிய செலவாக வரக்கூடியது. கடலோர மண்ணைக் கழுவாமல் பாவித்தாலும், உவர்க் கிணற்று நீரில் குழைத்தாலும், உப்பு கொங்கிறீட்டுக்குள்ளேயே இருந்துவிடும். நல்ல கொங்கிறீட் காரத்தன்மையால் கம்பியைத் துருவிடாமல் காக்கும். உப்பு அந்தக் காவலை உடைக்கும். இரும்பு துருவாகும்போது முன்னையதைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்குதலில்தான் அடிப்பக்கம் வெடித்து உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் சீமெந்துச் சாந்து அப்பி வர்ணம் அடித்தால், துரு உள்ளே தொடர்ந்து வளர்ந்து ஓரிரண்டு மாரிக்குள் அதையும் தள்ளி விழுத்தும். ‘பூசி வர்ணம் அடித்தால் போதும்’ என்ற ஆலோசனை இங்கே ஆபத்தானது.

நல்ல ஆய்வாளர் தட்டின் அடிப்பக்கம் முழுவதையும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். பொய்ச்சத்தம் கேட்கும் இடங்களைச் சோக்கால் வட்டமிட்டு, படமெடுத்து, மொத்தம் எத்தனை சதுர அடி என்று எழுதுவார். வெளியே தெரியும் கம்பியைத் துருச் சுரண்டி, மிஞ்சிய விட்டத்தை அளப்பார். 10 மி.மீ கம்பி 7 மி.மீ ஆகியிருந்தால் அதன் குறுக்குப் பரப்பில் பாதிதான் மிச்சம். புதிதாக உடைத்த கொங்கிறீட்டில் காரத்தைக் காட்டும் பினோல்ப்தலீன் என்ற திரவத்தைத் தெளித்தால் காரம் உள்ள இடம் ஊதாச் சிவப்பாகும், காரம் போன இடம் நிறமில்லாமல் நிற்கும். ஆனால் உப்பால் வந்த துரு, சிவப்பாக மாறிய கொங்கிறீட்டுக்குள்ளும் நடக்கும். எனவே உப்புக்கென்று தனியாகத் தூள் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். தட்டின் மேல் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் வைத்து ஒழுக்குப் பார்ப்பது வழக்கமான சோதனை. உங்கள் தட்டில் அதைச் செய்ய விடாதீர்கள். இரண்டு அங்குலத் தண்ணீர் சதுர மீற்றருக்கு 50 கிலோ பாரம். கம்பி தின்னப்பட்ட தட்டுக்கு அது வேண்டாத சுமை.

ஓதம். ‘ஓதம் உண்டு’ என்பது நோயாளிக்குக் காய்ச்சல் உண்டு என்று சொல்வது போல. என்ன காய்ச்சல் என்பதுதான் கேள்வி. நிலத்திலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் மூன்று அடி மட்டத்துக்குள் நின்று, மேல் விளிம்பில் வெள்ளை உப்புப் பூக்கும். அதற்கு மேலே தனித்திட்டாக இருந்தால் கூரை, பீலி அல்லது குழாய். பழைய பகுதிச் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியதாக இருக்கலாம். அப்படியான சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும் சுவர். அதன் மேல் சீமெந்துப் பூச்சும் எண்ணெய் வர்ணமும் போட்டால் ஈரம் உள்ளே அடைபட்டு இன்னும் உயரத்துக்கு ஏறும். திருத்தம் என்று நினைத்துச் செய்ததே நோயைக் கூட்டும். இன்னொன்று: ஊசி குத்தி ஈரம் காட்டும் சிறு கருவியில் வரும் எண்ணை மட்டும் வைத்து எழுதிய முடிவை ஏற்காதீர்கள். அக்கருவி மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்தே ஈரத்தைக் கணிக்கிறது. உப்பு ஊறிய சுவரில் ஈரம் குறைவாக இருந்தாலும் எண் கூடக் காட்டும்.

2008 நவம்பர் நிஷா புயலிலும் 2024 நவம்பர் பெருமழையிலும் வெள்ளம் வளவுக்குள் எவ்வளவு நின்றது என்று அயலவரிடம் கேட்டு, வாசல்படியை வைத்து உயரத்தை எழுதுவதும் ஆய்வாளரின் வேலையே.

கிணறு பற்றி உங்கள் அறிக்கையில் ‘நல்ல தண்ணீர்க் கிணறு உண்டு’ என்று மட்டும் இருக்கிறது. இங்கே வீடு வாங்குவதென்றால் கிணற்றையும் சேர்த்தே வாங்குகிறீர்கள், அதனால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். சுண்ணக்கல்லில் வெடிப்பும் பொந்தும் உண்டு. நிலாவரை போன்ற ஆழ்நீர்க் கேணிகள் உண்டானது அப்படித்தான். மலசலகூடக் குழியிலிருந்து போகும் கழிவு மணலில் வடிபடுவதுபோல இங்கே வடிபடாமல், வெடிப்பு வழியே நேரே கிணற்றுக்கு வரக்கூடும். வழமையாகச் சொல்லும் 50 அடி இடைவெளி இந்த நிலத்துக்கு உத்தரவாதம் அல்ல. இரண்டு பரப்புக் காணியில் அந்த 50 அடி கிடைப்பதே கஷ்டம். அறிக்கையில் ஒரு கைவரைபடம் வேண்டும்: கிணறு, உங்கள் குழி, மதிலுக்கு அப்பால் பக்கத்து வீடுகளின் குழிகள், ஒவ்வொன்றுக்கும் அடிக்கணக்கு. அயல்வீட்டுக் குழியை விட்டுவிட்டு அளந்த வரைபடம் பாதி வரைபடம்.

தண்ணீரைச் சுவைத்துப் பார்த்தால் போதாது. குறைந்தது நான்கு சோதனை: ஈ.கோலை (மலக்கழிவு கலந்ததைக் காட்டும் கிருமி), நைத்திரேற்று, குளோரைட்டு, மின்கடத்துதிறன் (கடைசி இரண்டும் உவரைக் காட்டும்). ஈ.கோலை 100 மில்லிலீற்றரில் ஒன்றும் இருக்கக் கூடாது. நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தோட்டப் பசளையாலும் மலக்குழிகளாலும் வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் இது அந்த எல்லையைத் தாண்டி நிற்கிறது. பேரப்பிள்ளைகள் வந்து நிற்கும் வீடென்றால் கவனியுங்கள்: நைத்திரேற்று கூடிய தண்ணீரில் பால் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் வலு குறையும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். கிருமிச் சோதனைக்கான போத்தலை ஆய்வுகூடமே தரும். அதைக் கழுவாமல், மூடியின் உட்பக்கத்தைத் தொடாமல் நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடுக்க வேண்டும். கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த சுன்னாகம் பக்கத்து வீடானால் எண்ணெய்க்கும் சோதிக்கச் சொல்லியிருப்பேன். கிணறு பங்குக் கிணறா என்பதையும் கண்ணால் பார்த்து எழுதலாம். மதிலுக்கு அப்பாலிருந்து இன்னொரு மோட்டரின் குழாய் உங்கள் கிணற்றுக்குள் இறங்கினால், காணி உறுதியில் ‘கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்’ எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று சட்டத்தரணி பார்க்க வேண்டும்.

மின்சாரத்தில் மூன்று எண்கள் போதும்: ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் கசிவில் எத்தனை மில்லி செக்கனில் விழுந்தது (300க்குள் விழ வேண்டும்), எர்த் கம்பியின் தடை எத்தனை ஓம், வயறிங்கின் காப்புத் தடை எத்தனை மெகா ஓம் (ஒன்றுக்குக் குறையக் கூடாது). ட்ரிப் சுவிட்சின் பொத்தானை அமத்திப் பார்த்துவிட்டு ‘வேலை செய்கிறது’ என்று எழுதுவது போதாது. எர்த் கம்பி அறுந்திருந்தாலும் அந்தப் பொத்தான் வேலை செய்யும். ஆவணியில் எர்த் தடையை அளப்பது நல்லது, காய்ந்த நிலத்தில்தான் அது மோசமாக இருக்கும்.

அறிக்கையின் தொடக்கத்தில் பார்த்தவரின் பெயர், தகைமை, திகதி, நேரம், அன்றைய வானிலை, உடன் நின்றவர் யார் என்பவை வேண்டும். பார்க்காதவையும் வேண்டும்: பூட்டிய அறை, அலுமாரிக்குப் பின்னால் உள்ள சுவர், சீலிங் அடித்ததால் தெரியாத கூரை. உங்கள் 3ஆம் படத்தில் முன்னறைக்குச் சீலிங் இருக்கிறது. அதற்கு மேலே யாரும் ஏறவில்லை என்றே நினைக்கிறேன், அப்படி எழுதப்படவும் இல்லை. எழுதாமல் விட்டதை வாசிப்பவர் ‘குறை ஒன்றும் இல்லை’ என்று விளங்கிக்கொள்வார்.

வங்கிக்கு எழுதும் மதிப்பீட்டு அறிக்கை வேறு, அது காணியும் வீடும் எவ்வளவு பெறும் என்பதைச் சொல்வது. காணி உறுதி, யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமைப்படி பங்காளிகளுக்கு உள்ள முன்கொள்வனவு உரிமை (வெளியாருக்கு விற்க முன் தாங்கள் வாங்கும் உரிமை), இவையெல்லாம் சட்டத்தரணியின் வேலை. பின்பக்கக் குசினி நல்லூர் பிரதேச சபை அங்கீகரித்த வரைபடத்தில் உண்டா என்பதை மட்டும் ஆய்வாளர் வரைபடத்தோடு ஒப்பிட்டுச் சொல்லலாம். திருத்த வேலையையும் தானே எடுத்துச் செய்வதாகச் சொல்பவரிடம் ஆய்வைக் கொடுக்க வேண்டாம். எவ்வளவு நேர்மையானவரானாலும் இரண்டும் ஒரு கையில் இருக்கக் கூடாது.

இனிச் செய்ய வேண்டியது. குசினித் தட்டுக்குக் கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவரைத் தனியாக அனுப்புங்கள். கிணற்றுத் தண்ணீரை இந்தக் கிழமையே ஆய்வுகூடத்துக்குக் கொடுங்கள். முன்பு பார்த்தவரையே திரும்ப அனுப்புவதானால், சீலிங்கில் ஒரு பலகை கழற்றி மேலே பார்க்க வேண்டும், ஒவ்வொரு வெடிப்புக்கும் இடமும் அகலமும் வேண்டும், குழிகளின் வரைபடம் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். முற்பண உடன்படிக்கையில், தட்டின் அறிக்கையும் தண்ணீர் அறிக்கையும் வந்த பிறகே அது கட்டுப்படுத்தும் என்று ஒரு வாசகம் சேர்க்கச் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

ஆவணியில் பார்த்த கூரை ஒழுக்கைக் காட்டாது. இயலுமானால் உறுதி எழுதும் நாளைக் கார்த்திகை நடுப்பகுதிக்குப் பின்னால் வையுங்கள். நல்ல மழை ஒன்று இரண்டு மணி நேரம் பெய்து கொண்டிருக்கும்போதே பெறாமகனை ரோச் லைற்றோடு உள்ளே அனுப்புங்கள். சீலிங் கழற்றிய துவாரம், பழைய கூரையும் புதிய தட்டும் சேரும் மூட்டு, குளியலறைச் சுவரின் மேல் விளிம்பு, இந்த மூன்று இடத்தையும் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மழை விட்டு அரை மணி நேரம் கழித்து வளவில் தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறது, அது கிணற்றுக் கட்டை நோக்கி ஓடுகிறதா என்பதையும் ஒரு படம் எடுக்கட்டும்.